பலியும் பிணையும்: சீறாப்புராண மான் படலத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஹஜ்ஜுப் பெருநாள் அண்மிக்கும் ஒவ்வோராண்டும் நம் நாட்டில் உயிர்ப்பலி பற்றிய வாதம் புத்துயிர் பெறுகின்றது. ஒரு சாரார் சீவகாருணியத்தின் பெயரால் முஸ்லிம்களின் உழ்ஹிய்யாவைக் கண்டிக்கின்றனர். மறு சாரார் மதவுரிமையின் பெயரால் அதற்கு அரண் செய்கின்றனர். இரு சாராரும் தத்தம் நிலையினின்றும் அசையாமையால், வாதம் தொடங்கிய இடத்திலேயே முடிவுறுகின்றது. பலிக்கு இரக்கம் சார்ந்த மாற்று உண்டா என்பது பயனுள்ள வினாவே. ஆயின், எத்தகைய மாற்று இரக்கம் எனப் பெயர் பெறத் தகும் என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழிலக்கிய மரபு, சிறப்பாக இஸ்லாமியத் தமிழிலக்கிய மரபு, அதனைத் தன்னகத்தே கொண்டுள்ளது என்பதைக் காட்டுவதும், அதனையே அளவுகோலாகக் கொண்டு இன்று முன்வைக்கப்படும் மாற்றுகளை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். எழுதுவோன் மலையகத்துத் தோட்டமொன்றில், முனியாண்டிக்குக் கெடா வெட்டும் மக்களிடையே பிறந்து வளர்ந்தவன். ஆகவே அயலாரின் வழிபாட்டை அளக்கும் கோலினாலேயே நம் வழிபாட்டையும் வாழ்க்கையையும் அளத்தல் கடனாகின்றது.

உழ்ஹிய்யாவின் உட்கிடை

ஹஜ்ஜுப் பெருநாட் பலியின் மூலக்கதை யாவரும் அறிந்தது. இறைகட்டளைக்குப் பணிந்து தம் மகனை அறுக்கத் துணிந்தார் இப்றாஹீம் நபி. மகனும் அதற்கு இசைந்தார். அவ்வேளையில் மகனுக்கு ஈடாக ஓர் ஆடு அருளப்பட்டது. இக்கதையினை ஊன்றி நோக்கின், பெருநாள் நினைவுகூர்வது கொலையை மட்டுமன்று, ஒரு மாற்றீட்டையுமே என்பது புலனாகும். மனிதப்பலிக்கு மாற்றாக வந்ததே விலங்குப்பலி. எனவே மாற்று என்னும் கருத்து இப்பெருநாளுக்குப் புறத்தேயிருந்து திணிக்கப்படும் அந்நியக் கருத்தன்று. அதன் வித்திலேயே உள்ள கருத்து எனலாம்.

திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் பலிப் பிராணிகளின் இறைச்சியோ இரத்தமோ இறைவனை அடைவதில்லை என்றும், அடைவது மனிதரின் இறையச்சமே என்றும் அறிவுறுத்துகின்றது. அதே அத்தியாயம், அப்பிராணிகளின் இறைச்சியை உண்ணுமாறும், வறியோர்க்கு உண்ணக் கொடுக்குமாறும் பணிக்கின்றது. இவ்விரண்டும் பிரித்தற்கரியன. குருடான, முடமான, நோயுற்ற, மெலிந்த பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்பது சட்டம். விற்க இயலாததைக் கொடுத்துப் புண்ணியம் தேடுதல் இங்கு இயலாது; கொடுப்போனுக்கு இழப்பு உண்டாதல் வேண்டும். அவ்விழப்பிலிருந்து இல்லாதவனுக்குப் பங்கு சேர்தலும் வேண்டும். இழப்பும் பங்கும் ஆகிய இவ்விரண்டுமே உழ்ஹிய்யாவின் சமூக உள்ளடக்கம்.

கடமையின் அளவு பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ஹனபி மத்ஹபினர் வசதியுடையார்க்கு இதனை வாஜிப் எனக் கொள்வர். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபோ இதனை வலியுறுத்தப்பட்ட சுன்னத்தாகவே கொள்ளும். மக்கள் இதனைக் கட்டாயக் கடமையெனக் கருதிவிடலாகாது என்பதற்காக அபூபக்ர், உமர் ஆகிய இரு கலீபாக்களும் சிற்சில வேளைகளில் உழ்ஹிய்யா கொடாதிருந்தனர் என்னும் அறிவிப்பு ஷாபிஈ நூல்களிற் சான்றாக எடுத்தாளப்படுகின்றது. உழ்ஹிய்யாவுக்குச் செலவிடுவதிலும் அதன் விலையை அநாதைக்கோ ஏழைக்கோ ஈவதே தமக்கு உவப்பு என்னும் கருத்துப்பட பிலால் கூறியதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அறிஞர் பெரும்பாலோர் பலியையே மேலெனக் கொண்டனர் என்பது உண்மை. எனினும், மாற்றை எண்ணிப் பார்ப்போர் மார்க்கத்துக்குப் புறம்பானவர் அல்லர் என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

மானுக்குப் பிணை

இனி இலக்கியத்துக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்றொரு படலம் உண்டு. வேடனொருவன் வலையிற் சிக்கிய பெண்மானைக் கட்டி வைத்திருக்கின்றான். அவ்வழி வந்த நபிகள் நாயகத்தைக் கண்ட மான் தன் துயரை முறையிடுகின்றது. பிறந்து நெடுநாளாகாத கன்று பாலின்றித் தவிக்கும். சென்று பாலூட்டி மீள விடைதரல் வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். நபிகள் வேடனிடம் மானை விடுமாறு கேட்கின்றார். காட்டுக்குள் ஓடிய விலங்கு மீண்டு வருமோ என வேடன் மறுக்கின்றான். தாமே பிணை நிற்பதாகவும், மான் மீளாவிடின் ஈடு தருவதாகவும் நபிகள் கூறுகின்றார். விடுபட்ட மான் கன்றிடம் செல்கின்றது; பாலூட்டுகின்றது; சொன்ன சொற் பிழையாது கன்றுடன் மீள்கின்றது. வேடன் மனம் மாறுகின்றான். மான் விடுதலை பெறுகின்றது.

தமிழில் ‘பிணை’ என்னும் சொல் பொறுப்பேற்றலையும் குறிக்கும், பெண்மானையும் குறிக்கும். சங்க இலக்கியத்திற் கலையும் பிணையும் இணைந்து வருதலைப் பயின்றோர் நன்கறிவர். ஆகவே ‘மானுக்குப் பிணை’ என்னுமிடத்து, காக்கப்படும் உயிரும் காப்போரின் பொறுப்பும் ஒரே சொல்லில் ஒன்றாகின்றன. பாலைநில அரபு மண்ணின் கதையொன்று தமிழுக்கு வரும்பொழுது, தமிழ்ச் சொல் அக்கதைக்கு அளிக்கும் புதுப்பொருள் இது. இஸ்லாமியத் தமிழிலக்கியம் மொழிபெயர்ப்பிலக்கியம் மட்டுமே என்பார்க்கு இவ்வொரு சொல்லே தக்க விடையாகும்.

இப்படலத்தில் நபிகள் செய்யாதவற்றையும் நோக்குதல் வேண்டும். அவர் வேடனைப் பாவியென ஏசவில்லை. மானைப் பறித்துக்கொண்டு செல்லவில்லை. தம் செல்வாக்கைக் காட்டி அச்சுறுத்தவுமில்லை. வேட்டைப்பொருள் வேடனுக்குரியது என்பதை ஒப்புக்கொண்டே, அவனுக்கு நேரக்கூடிய இழப்பைத் தம் தலைமேல் ஏற்கின்றார். விலங்கின் உயிருக்காகப் பேசுபவர், அவ்வுயிரால் வாழ்பவனின் பாட்டையும் மறவாதிருக்கின்றார். பிணை நிற்றல் என்பதன் பொருள் இதுவே: இரக்கத்தின் செலவை இரங்குபவனே ஏற்றல்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். இப்படலம் வேட்டை பற்றியது, பலி பற்றியதன்று. நபிகளின் மாண்பையும் அற்புதத்தையும் காட்டி வேடனை ஈமான் கொள்ளச் செய்வதே புலவரின் குறிக்கோள். அவர் புலால் மறுத்தலைப் போதிக்கவில்லை. இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. சீறாப்புராணத்தைக் கொண்டு உழ்ஹிய்யா கூடாதென வாதிடுதல் நூலுக்குச் செய்யும் அநீதியாகும். நாம் இப்படலத்திலிருந்து பெறுவது தடையையன்று, முறையை. உயிருக்கு இரங்குவோன் எவ்வாறு இரங்க வேண்டும் என்பதற்கு, தமிழ் முஸ்லிம்கள் மூன்று நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் காப்பியத்திலேயே ஓர் இலக்கணம் உண்டு என்பதே நமது துணிபு.

ஆபுத்திரனும் அமுதசுரபியும்

இவ்விலக்கணம் சீறாப்புராணத்துக்கு மட்டுமுரியதன்று. பௌத்த காப்பியமாகிய மணிமேகலையில் ஆபுத்திரன், வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவைக் காண்கின்றான், இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு செல்கின்றான், பிடிபட்டு அடியுண்கின்றான், பிறப்பிழிவு கூறப்பட்டு ஊரினின்றும் விலக்கப்படுகின்றான். அவனும் தன் இரக்கத்தின் விலையைத் தன்னுடலாலும் தன் வாழ்வாலும் கொடுத்தவனே. பின்னர் அவன் மதுரையில் இரந்துண்டு, பெற்றதைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பகிர்ந்தான். அவனுக்கே சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். பசுவின் உயிர் காத்தவன் கையிலேயே பசிப்பிணி தீர்க்கும் பாத்திரம் வந்து சேர்வதாகக் கதை அமைந்திருத்தல் தற்செயலாகாது. விலங்குக்கு இரங்கியவன் மனிதப் பசியை மறந்தால் அவ்விரக்கம் அரைகுறையானது என்பது சாத்தனாரின் உட்கிடையாகலாம்.

இரு காப்பியங்களும் இரு வேறு சமயங்களுக்குரியன. காலத்தால் பல நூற்றாண்டுகள் இடைவெளியுடையன. எனினும் இரண்டிலிருந்தும் இரு அளவைகள் பெறப்படுகின்றன. ஒன்று, மாற்றின் இழப்பை யார் ஏற்கின்றார்? மற்றொன்று, பசித்தவனின் பங்கு எஞ்சுகின்றதா?

சட்டம் தரும் மாற்று

இவ்வளவைகளைக் கொண்டு அண்மைக்கால நடவடிக்கைகள் சிலவற்றை நோக்குவோம். தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டிலேயே கோவில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டிலேயே உறங்கிய அச்சட்டத்தை 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தது. கிராமத் தெய்வ வழிபாட்டினரான எளிய மக்களின் எதிர்ப்புக்கு முகங்கொடுக்கவியலாது, 2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவ்வரசே அச்சட்டத்தை நீக்கியது. இலங்கையில் 2011ஆம் ஆண்டு முன்னேசுவரத்துப் பத்திரகாளி கோவிலுக்குப் பலிக்கெனக் கொணரப்பட்ட ஆடுகளையும் கோழிகளையும் அமைச்சர் மேர்வின் சில்வா அகற்றிச் சென்றார். 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்துக் கோவில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் பிரேரணைக்கு அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது. இவற்றுள் எதனிலும் தடைசெய்வோர் தரப்பில் யாதோர் இழப்பும் இல்லை. வேடனிடமிருந்து மானைப் பறித்தனர், பிணை நிற்கவில்லை.

2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்வதற்கான யோசனையைப் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ முன்வைத்தார். அமைச்சரவை அதற்குக் கொள்கையளவில் இணங்கியது. 2021 ஒக்டோபரில் சட்டத் திருத்தங்களுக்கும் ஒப்புதல் வழங்கிற்று. மாட்டிறைச்சி உண்போருக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்யலாம் என்பதும் அந்த யோசனையின் ஒரு பகுதியாகும். கொலை இந்நாட்டு மண்ணில் நிகழாதவரை உயிர்க்கொலை பற்றிய கவலை இல்லை என்பதே இதன் பொருள். கண்ணுக்கு மறைந்த குருதி குருதியாகாது என்னும் இத்தருக்கத்தை இரக்கம் என்பதிலும், அயலானின் பெருநாள் மீதான ஒரு பார்வை என்பதே பொருந்தும். உயிர்மீது கொண்ட அன்பு அயலான்மீது ஏவப்படும் ஆயுதமாகும்போது அது அன்பென்னும் தகுதியை இழந்துவிடுகின்றது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. தொடர் வறட்சியால் ஆட்டு மந்தைகள் 38 விழுக்காடு குறைந்திருந்த நிலையில், 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மொறோக்கோ மன்னர் ஆறாம் முஹம்மத், அவ்வாண்டு உழ்ஹிய்யா கொடாதிருக்குமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். மக்கள் சார்பில் தாமே பலி கொடுப்பதாகவும் அறிவித்தார். 1996இல் அவர் தந்தை இரண்டாம் ஹசனும் இவ்வாறு செய்ததுண்டு. காரணம் விலங்கின்மீதான பரிவன்று. வறட்சியும், குறைந்த வருவாயுடையோர்மீது வீழும் விலைச்சுமையுமே. எனினும் வடிவத்தை நோக்குக. மார்க்கத்துக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுகின்றது. இயலாத தம் சமுதாயத்தினர் சார்பில் நபிகள் பலியிட்டமை முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றது. தலைவன் மக்களுக்குப் பிணை நிற்கின்றான். மந்தை வளர்ப்போர்க்குக் கடன் நிவாரணம் உள்ளிட்ட உதவிகளும் அறிவிக்கப்படுகின்றன. மாற்று ஒன்று உள்ளிருந்து எழும்போது அது அவமதிப்பாக ஒலிப்பதில்லை.

அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு பார்வை

இனி நம்மை நாமே அளந்து கொள்வோம். பத்தனை என்னும் சொல் மலைப்புல்வெளியைக் குறிப்பது. அக்கரப்பத்தனையின் அயலில் அம்பேவெல, போபத்தலாவ ஆகிய பெரும் பாற்பண்ணைகள் அமைந்திருத்தற்கு அப்புல்லும் குளிருமே காரணம். டயகம, டொரிங்டன், வேவர்லி, ஹோல்புரூக் முதலிய தோட்டங்களின் லயங்களை அடுத்து மாட்டுக்கொட்டில்கள் உள்ளன. கொழுந்தெடுக்கும் கூலி போதாத குடும்பத்துக்குப் பசுவே இரண்டாவது வருவாய். விடியலிற் பால் கறந்து கொடுத்துவிட்டே மலைக்குச் செல்லும் பெண்கள் பலர்.

பசு பால் தரவேண்டுமாயின் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளிற் பாதி காளைக்கன்றுகள். லயத்து வாழ்க்கையிற் காளைக்கு வேலையில்லை, மேய்ச்சலுக்கு நிலமில்லை, கொட்டிலுக்கு இடமுமில்லை. ஆகவே காளைக்கன்றும் வற்றிய பசுவும் மாட்டு வியாபாரிக்கு விற்கப்படுகின்றன. பெற்ற பணம் பிள்ளையின் புத்தகத்துக்கோ, கடைக்கடனுக்கோ, கோவில் வரிக்கோ செல்கின்றது. அதன்பின் அம்மாடு எங்கே சென்றதென நாம் கேட்பதில்லை. மாட்டிறைச்சி உண்ணாத இந்துக்கள் என்னும் பெருமிதம் நமக்கு எஞ்சுகின்றது. அறுத்தவன் என்னும் பழி அயலிலுள்ள முஸ்லிமுக்குச் செல்கின்றது. கயிற்றின் ஒரு முனை நம் கையில் இருந்ததை மறந்து மறுமுனையை மட்டும் கண்டிப்பது அறமாகாது. மாடறுப்பு முற்றாகத் தடைசெய்யப்படின் முதற்கண் இழப்புறுவோர் கொட்டிலில் ஒரு பசு வைத்திருக்கும் இத்தொழிலாளரே. அவர்களுக்கு யார் பிணை?

நம் வழிபாட்டினையும் நோக்குதல் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களைக் காப்பதாக நம்பப்படும் ரோதை முனிக்கும், கவ்வாத்துத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்கும் கோழியோ ஆடோ பலியிடுதல் தோட்டங்களின் வழக்கம். இவை சாத்திரத்தில் எழுதப்பட்ட தெய்வங்களல்ல. இயந்திரத்தில் விரல் இழந்தவனும், செங்குத்துச் சரிவிற் கத்தி பிடித்தவனும் தம் அச்சத்திலிருந்து படைத்துக்கொண்டவை. இயந்திரமோ மலையோ தம்மில் ஒருவரைக் காவு கொள்ளாதிருக்க ஓர் உயிரை முன்கூட்டியே ஈடாகக் கொடுத்தல் என்பதே அவற்றின் உட்பொருள். இப்றாஹீம் நபியின் கதையில் நாம் கண்ட மாற்றீடு இங்கும் வேறோர் உருவில் உள்ளது. வெட்டிய ஆட்டின் இறைச்சி பங்கு பிரிக்கப்படும். அன்றாடம் இறைச்சி காணாத லயத்துக்கு அன்று ஒரு நல்லுணவு கிட்டும்.

இன்று தோட்டக் கோவில்கள் பல ஆகம முறைக்கு மாறிவருகின்றன. ஆட்டுக்குப் பதிலாக நீற்றுப்பூசணியில் குங்குமம் தோய்த்து வெட்டுகின்றனர், எலுமிச்சம்பழம் பிளக்கின்றனர். ஓருயிர் பிழைத்தமை மகிழ்தற்குரியதே. இம்மாற்றை மக்கள் தாமே ஏற்றனர் என்பதும் அதன் சிறப்பு. ஆயின் நம் இரண்டாவது அளவையில் இது தேறுமா? பூசணி முச்சந்தியில் உடைபட்டுக் கிடக்கின்றது; லயத்துக்குப் பங்கு இல்லை. ஆட்டுக்குச் செலவாகியிருக்கக்கூடிய பணம் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் செல்லுமாயின், உயிர் காத்தோம் என்னும் நிறைவு அரை நிறைவே. ஆபுத்திரன் பசுவை அவிழ்த்ததோடு நின்றுவிட்டான். பாத்திரத்தை ஏந்தவில்லை என்பதே அதன் பொருள்.

மாற்றுக்கான வழிகள்

அவ்வாறாயின் இரு அளவைகளுக்கும் ஒத்த மாற்று யாது? உழ்ஹிய்யாவைப் பொறுத்து முடிவு கூறும் உரிமை முஸ்லிம்களுக்கே உரியது. அவர்தம் மரபிலேயே காணப்படும் சில வழிகளை எடுத்துக்காட்டுதல் மட்டுமே நம்மால் இயலும்.

முதலாவது, பங்கு முறை. ஒரு மாட்டில் எழுவர் கூட்டுச்சேர்தல் மார்க்கம் அனுமதித்ததே. எழுவர் ஏழு ஆடுகள் அறுக்குமிடத்து ஓர் உயிரோடு அமையலாம். யார் மாடு பெரிது என்னும் போட்டிக்கு இது கடிவாளமுமாகும். இரண்டாவது, அறுக்கும் முறை. கத்தியைத் தீட்டுக, பிராணிக்கு நோவைக் குறைக்க என்பது நபிமொழி. ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுத்தல் விரும்பத்தகாதது என்பர் சட்ட அறிஞர். மலைப்பாதையில் நெருக்கியடித்து லொறியில் ஏற்றிவரப்படும் மாட்டின் துன்பம் இவ்விதிகளின் உயிர்ப்பொருளுக்கு முரணானது. இதனைக் களைவதற்கு எந்தச் சட்டமும் புதிதாக வேண்டியதில்லை. விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கும் 1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமே உண்டு. அதனைப் பெருநாளன்று மட்டுமன்றி ஆண்டு முழுவதும், எல்லா இனத்து வியாபாரியிடத்தும் நடைமுறைப்படுத்தினாற் போதும்.

மூன்றாவது வழியே மிகுந்த கவனத்துக்குரியது. அரபு மரபில் ‘மனீஹா’ என்றொரு கொடை உண்டு. பால்தரும் ஒட்டகத்தையோ ஆட்டையோ ஏழையிடம் ஒப்படைத்து, அதன் பாலை அவன் பயன்கொள்ளச் செய்வது அது. நாற்பது நற்செயல்களை எண்ணி, அவற்றுள் தலையாயது பால்தரும் ஆட்டை இவ்வாறு ஈதலே என நபிகள் கூறியதாக புகாரியின் தொகுப்பில் அறிவிப்பு உள்ளது. மனீஹா உழ்ஹிய்யாவின் இடத்தை நிரப்பாது என்பர் அறிஞர், அது சரியே. ஆயின் உழ்ஹிய்யா சுன்னத்தாகவுள்ள ஒரு சமுதாயத்தில், எழுவர் கூடி ஓராண்டு ஒரு மாட்டை அறுத்தும், மற்றோராண்டு ஒரு கறவைப் பசுவை வறிய குடும்பத்துக்கு அளித்தும் வரலாமன்றோ? கொடுப்போனின் இழப்பு இங்கு குறையவில்லை. பசித்தவனின் பங்கு ஒரு நாளைக்குரியதாக அமையாது ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது. உமறுப்புலவரின் மான் கேட்டதும் கன்றுக்குப் பாலூட்டும் அவகாசத்தையே அன்றோ?

இதே வழி நமக்கும் உரியது. கெடா வெட்டை நிறுத்திய கோவில் பரிபாலன சபை, அவ்வாட்டின் விலையைக் கொண்டு கைம்பெண்ணின் குடும்பமொன்றுக்குக் கறவை ஆடு வாங்கிக் கொடுக்கலாம். காளைக்கன்றை விற்பவர் அதற்கு நேரவிருப்பதை அறிந்தே விற்கலாம்; அதன்பின் வாங்குபவனைப் பழியாதிருக்கலாம். இவை பெரும் புரட்சிகளல்ல. ஆயினும் பூசணி உடைப்பதினும் கடினமானவை, ஏனெனில் இவற்றுக்கு விலை உண்டு.

இரக்கம் என்பது பிறர் கைக் கத்தியைப் பறிப்பதால் மட்டும் நிறைவுறுவதன்று. கத்தி பிடித்தவனின் பசியையும், கட்டுண்ட உயிரின் துயரையும் ஒருங்கே கண்டு, இரண்டுக்கும் நடுவே தன்னை ஈடாக நிறுத்துதலே அதன் முழு வடிவம். பெருநாட் பலியைக் கண்டித்து எழுத முனையும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் முதலில் விடையிறுக்க வேண்டிய வினா இதுவே: இம்மானுக்கு நான் பிணை நிற்பேனா?